கீங் என்று ஒரு சத்தம்

சார்ஜரைப் பிளக்கில் செருகி, ஃபோனைச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்து, அதன் அடிப்பக்கத்துச் சின்ன ஓட்டைகளுக்கு நேராக வலது காதைக் கொண்டு போகிறேன். ஒன்றும் இல்லை. இடது காதை வைக்கிறேன். ஏதோ இருக்கிறது, ஊ என்று, ஆனால் அது ஃபோன் இல்லை, ஃபிரிட்ஜ். ஃபிரிட்ஜ் கேட்கிறது, அந்த மட்டுக்கும் சரி. மேஜைப் பலகை கன்னத்தில் சில்லென்று இருக்கிறது. அப்படியே கண்ணை மூடிப் பார்க்கிறேன், கண்ணை மூடினால் காது நன்றாகத் திறக்கும் என்பது போல. கீங்கென்று இருக்கும் என்றாள் என் மகள் சுகந்தி. கொசு காதோரம் வந்து கத்துகிற மாதிரி, ஆனால் விடாமல், கம்பியை இழுத்து இழுத்து மெல்லிசாக்கின மாதிரி. சார்ஜ் போட்டால் மட்டும் ஸ்பீக்கரிலிருந்து வருகிறதாம், பிடுங்கினால் நின்றுவிடுகிறதாம், நான் பேசும்போது அவள் ஃபோனிலும் கேட்கிறதாம். பேட்டரி பழசு, சார்ஜில் போடாமல் பேசினால் பாதிப் பேச்சில் அணைந்துபோகும், அதனால் நான் எப்போதும் சுவரோரம் நின்று சார்ஜ் போட்டபடியேதான் பேசுவது. மத்தியானம் கூப்பிட்டபோது ஒவ்வொன்றாகச் சொன்னாள். "கவரக் கழட்டிப் பாரும்மா. ஸ்பீக்கர் ஓட்டைல தூசி அடைச்சிருக்கும், பழைய பல்லு பிரஷ்ல மெதுவாத் தட்டி எடு, ஊசி கீசி விட்டுக் குத்தாத. ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. வேற பிளக்குல போட்டுப் பாரு. எதுக்கும் போகலைன்னா அந்த ரோட்டோரக் கடைச் சார்ஜர்தான் கோளாறு. ஒவ்வொண்ணும் பண்ணிட்டு சத்தம் நின்னுருச்சான்னு காது வெச்சுக் கேளு. பாப்பா தூங்கற வீட்டுல அந்தச் சத்தம் ஆகாது. சாயங்காலம் கூப்பிடறேன், சொல்லு." ஆகட்டும் கண்ணு என்றேன். காது வெச்சுக் கேளு என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். நின்றதா இல்லையா என்று சொல்ல வேண்டுமானால், இருக்கும்போது கேட்டிருக்க வேண்டும்.

எனக்கு அது கேட்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்திருந்தார்கள், சுகந்தி, மாப்பிள்ளை, பாப்பா. தொட்டிலை எங்கே கட்டுவது, பால் புட்டியை எதில் கொதிக்க வைப்பது என்று பார்த்து வைத்துக்கொள்ள வந்தது. சுகந்திக்குப் பிரசவ லீவு முடிகிறது, வரும் திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் சிங்காநல்லூரில் எங்களிடம் பாப்பாவை விட்டுவிட்டு, சாயங்காலம் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. ஃபோனில் பாட்டுப் போட்டுச் சார்ஜில் வைத்திருந்தேன். பாட்டு முடிந்தது. சோபாவில் சாய்ந்திருந்த மாப்பிள்ளை நிமிர்ந்து, "என்னங்க அத்தை அது, கீங்குனு" என்றார். சுகந்தியும் திரும்பிப் பார்த்து, "ஆமாம்மா, ஃபோன்லருந்துதான்" என்றாள். அவள் மடியில் இருந்த பாப்பா, ஏழு மாதக் குழந்தை, அதுகூடத் தலையைத் திருப்பி மேஜையைப் பார்த்தது. மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். கையில் காபி டம்ளர். "அது கொஞ்ச நாளா அப்படித்தானுங்க மாப்பிள்ளை" என்றேன். எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தது அந்தப் பதில், யாரோ உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்த மாதிரி. சிரிக்கவும் சிரித்தேன். அன்றைக்கு ராத்திரியிலிருந்து வேலை எதுவும் இல்லாத நேரத்தில் எல்லாம் அந்தக் குழந்தையின் தலை என் கண்ணுக்கு முன்னால் திரும்புகிறது. மெதுவாக, தண்டு இன்னும் முற்றாத பூ திரும்புவது போல, சத்தம் வந்த பக்கம் பார்த்துத் திரும்புகிறது.

கவரைக் கழற்றுகிறேன். உள்ளே கறுப்பாக அழுக்கு. முந்தானையில் துடைக்கிறேன். பழைய பிரஷ் எடுத்து ஓட்டைகளைத் தட்டுகிறேன், தட்டத் தட்ட மாவு மாதிரித் தூசி மேஜையில் விழுகிறது. மாவா, பஞ்சா. விரலில் ஒட்டி உருட்டிப் பார்த்தால் பஞ்சு. இந்த வீட்டில் ஏது பஞ்சு, தலையணையிலிருந்து வந்திருக்கும், ஆனாலும் விரலுக்கு அது போதும், விரல் நான் முன்னால் வேலை பார்த்த நூல் மில்லுக்குப் போய்விட்டது. நூல் நூற்கிற ரிங் ஃபிரேமில் ஷிப்ட் முடிகிற நேரம் இப்படித்தான் பிரஷ் போட்டுத் தட்டுவோம். ஸ்பிண்டில் சந்தில், ரோலர் மேலே, எங்கே பார்த்தாலும் பனி பெய்த மாதிரிப் பஞ்சு, தலையில் பஞ்சு, புருவத்தில் பஞ்சு, சிரித்தால் வாய்க்குள்ளும் போகும். எனக்கு அறுந்த இழையை ஒட்டுகிற வேலை. ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, எந்த ஸ்பிண்டிலில் நூல் அறுந்திருக்கிறது என்று பார்த்து, விரலால் ஒரு திருகு, ஒட்டியாயிற்று, அடுத்தது. அந்தச் சத்தம் இருக்கிறதே, அதைச் சத்தம் என்றே நாங்கள் சொன்னதில்லை. தண்ணீருக்குள் இருப்பவன் தண்ணீர் தண்ணீர் என்றா சொல்வான். முதல் நாள் உள்ளே காலை வைத்தபோது மட்டும் யாரோ இரண்டு கையாலும் தலையைப் பிடித்து அமுக்கின மாதிரி இருந்தது. அப்புறம் அது பழகிவிட்டது. ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே வந்தால் உலகமே கம்பளிக்குள் சுருட்டி வைத்த மாதிரி இருக்கும், பஸ் போவது தெரியும், கேட்காது. பிள்ளைகள் நாங்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு கத்திக் கத்திப் பேசிக்கொண்டு வருவோம், டீக்கடைக்காரர் மில்லுப் புள்ளைங்க வருதுன்னு அடுத்த தெருவுக்கே தெரியும் என்பார். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிடும்போது காது மெதுவாகத் திறந்துகொள்ளும், ஒவ்வொரு சத்தமாக உள்ளே வரும், தட்டுச் சத்தம், குழாய்ச் சத்தம், அம்மா திட்டுவது. அப்போதெல்லாம் திரும்பி வந்துவிடும். திரும்பி வரும் என்றே இருந்துவிட்டோம்.

உள்ளே யாரும் வாயைத் திறந்து கத்துவதில்லை, கத்திப் பிரயோஜனம் இல்லை. உதட்டை மட்டும் அசைப்போம். மூன்று ஃபிரேம் தள்ளி நிற்பவளிடம் ஊர்க் கதை பூராவும் பேசலாம், மேஸ்திரி பக்கத்திலேயே நின்றாலும் அவருக்குக் கேட்காது, அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து அப்போது எங்கள் செக்‌ஷனில் ஃபிட்டர். எண்ணெய்க் கறை படிந்த காக்கிச் சட்டை, காதில் பென்சில். என் ஃபிரேமில்தான் அடிக்கடி ரிப்பேர் இருக்கும், அல்லது இருப்பதாக அவருக்குத் தோன்றும். ஒரு நாள் டீ டைமுக்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பக்கம் நின்று உதட்டை அசைத்தார். பன்னு வாங்கி வரட்டுமா என்று எனக்குத் தெரிந்தது. நல்ல பசி. தலையை ஆட்டினேன், பலமாகவே ஆட்டினேன். மனுஷன் முகம் அப்படி மலர்ந்தது, ஒரு பன்னுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று நினைத்துக்கொண்டேன். டீ டைம் வந்தது, பன் வரவில்லை. அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவர் அம்மா, மாமா, அத்தை எல்லாரும் தட்டில் பூவும் பழமும் எடுத்துக்கொண்டு வீட்டு வாசலில் நின்றார்கள். பொண்ணு பாக்க வரட்டுமா என்று கேட்டிருக்கிறார். எங்கள் அப்பா என்னை உள்ளே கூப்பிட்டு, "நீ சரின்னு சொன்னயாமா?" என்றார். பன்னுக்குச் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது. அவர் மாமா பின்னால் நிற்க, இவர் வெள்ளைச் சட்டையில் நகத்து எண்ணெயை மறைக்கப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நகத்தைப் பார்த்துவிட்டு ஆமாங்கப்பா என்றேன். கல்யாணம் ஆகி நெடு நாள் கழித்துத்தான் பன் விஷயத்தைச் சொன்னேன். இப்போதும் பேக்கரியைத் தாண்டிப் போனால் "வேணுமா?" என்பார்.

ஆஃப் பண்ணி ஆன் பண்ணுகிறேன். திரை கறுத்து, பிறகு வெளிச்சம் வருகிறது, காதை வைக்கிறேன், ஃபிரிட்ஜ். எங்கள் வீட்டில் கொசுவே இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் பக்கத்து வீட்டு ரமாமணியிடம். கால் பூராவும் தடிப்பு இருக்கும், இருந்தாலும் கொசு இல்லை என்பேன், ஏனென்றால் கத்தவில்லை. குயில். போன சித்திரையில் மொட்டை மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்தபோது, மரத்தையெல்லாம் வெட்டிப்போட்டார்கள், குயில் சத்தம் கேட்டே எத்தனை வருஷமாச்சு என்றேன். ரமாமணி பிழிவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். மறுபடி பிழியத் தொடங்கினாள். இப்போது புரிகிறது, அந்த நேரத்திலேயே அது கூவிக்கொண்டிருந்திருக்கும். குக்கர் விசிலை நான் ஆவியைப் பார்த்து எண்ணுகிறேன். சுகந்தி சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஏம்மா பேசும்போது என் வாயையே பாக்கற, கண்ணப் பாரு என்று என் முகவாயைப் பிடித்துத் தூக்குவாள். மில் பழக்கம் கண்ணு என்பேன். எது பழக்கம், எது தேவை, எந்த நாளில் ஒன்று மற்றொன்றாக மாறியது. குழந்தையின் அழுகை எப்படி இருக்கும்? பெரிசாக அழுதால் கேட்கும், ஞாயிற்றுக்கிழமை பசிக்கு அழுதாளே, கேட்டதே. ஆனால் அடுத்த அறையில் தொட்டிலில் கிடந்து முதலில் சிணுங்குமே, அந்தச் சிணுங்கல், மூச்சு முட்டினால் கீச்சென்று ஒரு சின்னச் சத்தம் வருமே, அது. வேண்டாம். மில்லிலும் குழந்தை பார்த்துக்கொள்கிற இடம் இருந்தது, மஞ்சள் சுண்ணாம்பு அடித்த அறை, வரிசையாகத் தொட்டில்கள், சுகந்தியை அங்கேதான் விட்டேன். பால் கொடுக்க விடுகிற நேரத்தில் ஓடுவேன், மார்பில் பஞ்சைத் தட்டிவிட்டு எடுத்துக்கொள்வேன், பிள்ளையும் பஞ்சு வாசனை, நானும் பஞ்சு வாசனை, வரிசையாக எல்லாத் தாய்களும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்போம், ஒருத்தர் பிள்ளையை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டு. அப்படி ஒரு நிம்மதி அதற்குப் பிறகு எனக்கு எங்கேயும் கிடைத்ததில்லை. அங்கே இருந்த ஆயா. அந்த ஆயா. வேண்டாம், அது இப்போது எதற்கு, அடுத்தது என்ன சொன்னாள், வேறு பிளக்.

டி.வி.க்குப் பக்கத்து பிளக்கில் சார்ஜரைப் போட்டு, ஃபோனை மாட்டுகிறேன். இதற்கு மேல் என் காதை நம்பிப் பயனில்லை. இவரைக் கூப்பிட்டுவிட வேண்டியதுதான். வாசல் படியில் உட்கார்ந்து தொட்டில் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார். மூன்று நாளாக அதே வேலை. பேத்தி ஆடும்போது கிறீச்சென்று சத்தம் வரக்கூடாதாம். ஏனுங்க என்று கூப்பிடுகிறேன். திரும்பவில்லை. எப்போதும் இப்படித்தான், வீராப்பு. ஏனுங்க என்று பக்கத்தில் போய்த் தோளைத் தொடுகிறேன்.

"இங்க வாங்க. ஃபோன்ல அந்தச் சத்தம் நின்னுருச்சான்னு கேட்டுச் சொல்லுங்க."

எழுந்து வருகிறார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, ஃபோனை எடுத்துக் காதோடு வைத்து, மெஷின் பார்க்கிற மாதிரியே நெற்றியைச் சுருக்குகிறார். தலையை ஒரு பக்கம் சாய்க்கிறார். அந்தச் சாய்வு எனக்கு எவ்வளவு பழக்கம்.

"கொறஞ்சிருக்குது. முந்தி ரொம்ப இருந்துச்சு. இப்ப லேசா, உள்ளுக்குள்ள கேக்குது."

"கேக்குதுங்களா?"

"ம், லேசா. கீங்குனு."

அப்போதுதான் பார்க்கிறேன். பிளக்கின் சுவிட்சை நான் போடவே இல்லை. ஃபோனில் சார்ஜ் ஏறுகிற குறி இல்லை. அவர் காதில் வைத்திருப்பது சும்மா கிடக்கிற ஃபோன். அவரையே பார்க்கிறேன். அவர் இன்னும் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறார், கேட்காததைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை நான் காபி டம்ளரோடு நின்ற மாதிரியே. நான் சுவிட்சைப் பார்க்கிறேன், அவர் கண் என் கண்ணோடு போய்ச் சுவிட்சைப் பார்க்கிறது. மெதுவாக ஃபோனை மேஜையில் வைக்கிறார். துண்டால் திரும்பவும் கையைத் துடைக்கிறார், சுத்தமாக இருக்கிற கையை.

"உங்களுக்குமா?" என்கிறேன்.

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்கிறார். நானும் எதிரில் உட்கார்கிறேன். இருவரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு, மேஜைக்கு நடுவில் அந்த ஃபோன். எத்தனை நாள் சமையலறையிலிருந்து காபி வேணுமா என்று கேட்டிருக்கிறேன், பதில் வராது, வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்லக்கூட வாய் வலிக்கிறதா என்று மனசுக்குள் குமுறிக்கொண்டு எனக்கு மட்டும் போட்டுக் குடித்திருக்கிறேன். "நீ பேச மாட்டீங்கற, கோவமா இருக்கறேன்னு நெனச்சுக்குவேன்" என்கிறார் அவர். "வாசல்ல இருந்து துளசி துளசின்னு கூப்புடுவேன். வர மாட்ட. சரி, எதோ மனசுல வெச்சுட்டு இருக்கறா, இருக்கட்டும்னு விட்டுருவேன்." எனக்குச் சிரிப்பு வருகிறது, சிரிக்க முடியவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர், அவர் கூப்பிட்டது எனக்குக் கேட்காமல், நான் கேட்டது அவருக்குக் கேட்காமல், நடுவில் இல்லாத ஒரு சண்டையை வருஷக்கணக்காகப் போட்டுக்கொண்டு. எப்போதிருந்து என்று நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. மில்லை மூடி, மெஷின்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்களே, அன்றைக்கு இவர் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்து, எல்லாம் போச்சு புள்ள, ஒண்ணும் விட்டு வெக்கல என்றார். அப்படி ஒன்றும் விட்டு வைக்காமல் இல்லை.

"சுகந்திகிட்டச் சொல்லீராத" என்கிறார் குரலைத் தாழ்த்தி, அதாவது உதட்டைக் குறைத்து. "சொன்னா பாப்பாவ விட மாட்டா. காசு குடுத்து எங்கயாவது விடுவா. நாம ரெண்டு பேரு இருக்கறம். மாத்தி மாத்தித் தொட்டில் பக்கத்துலயே உக்காந்துக்கலாம். கண்ணு நல்லாத்தான இருக்குது நமக்கு."

சரி என்கிறேன். அவர் சொன்னதில் என்ன தப்பு. கண் இருக்கிறது, கை இருக்கிறது. அவர் சங்கிலிக்கு எண்ணெய் போடப் போகிறார். நான் சுவிட்சைப் போடுகிறேன், சார்ஜ் குறி வருகிறது. ஃபோனை நகர்த்தலாம் என்று ஓரத்து இரும்புப் பட்டையில் விரலின் பின்பக்கம் லேசாகப் படுகிறது. விறுவிறு என்கிறது. ஷாக் இல்லை, ஷாக்குக்கு ரொம்பவும் கீழே, பட்டையின் மேல் மெல்லிசாக ஒரு நடுக்கம் ஓடுகிற மாதிரி. சுவிட்சை அணைக்கிறேன், தடவினால் வழவழவென்று சும்மா இருக்கிறது. போடுகிறேன், விறுவிறு. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் காதில் கேட்டது இதுவாக இருக்குமோ, எனக்குக் காதில் வராதது விரலில் வருகிறதோ. பீரோவில் இவருடைய பழைய ஃபோனோடு வந்த கம்பெனிச் சார்ஜர் கிடக்கிறது, வயர் மஞ்சளாகிப்போய். அதை எடுத்து வந்து மாட்டிப் பார்க்கிறேன். குறி வருகிறது. பட்டையைத் தடவுகிறேன், இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கண்ணை மூடிக்கொண்டு ஒரு தரம். ஒன்றும் இல்லை. ரோட்டோரக் கடைச் சார்ஜரைத் திரும்பப் போட்டால் உடனே விறுவிறு. சார்ஜர்தான். எனக்குக் கையெல்லாம் சூடாகிறது சந்தோஷத்தில். கேட்காத சத்தத்தைக் கண்டுபிடித்து நிறுத்திவிட்டேன், நிறுத்தியிருந்தால். நிறுத்தினேனா இல்லையா என்று இனிச் சுகந்திதான் சொல்ல வேண்டும். சத்தம் இல்லை என்று அவள் சொல்லிவிட்டால் தீர்ந்தது. யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. திங்கட்கிழமை பாப்பா வருவாள்.

தீர்ந்தது என்று ஃபோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், வெயில் ஜன்னல் கம்பியில் இறங்கிக்கொண்டிருக்கிறது, தீர்ந்தது, ஆனால் அந்த ஆயா போக மாட்டேன் என்கிறாள். சின்னாத்தா ஆயா. பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங்கில் இருபது முப்பது வருஷம் வேலை பார்த்து, இருமல் வந்து, இனி முடியாது என்று குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போட்டிருந்தார்கள். நல்ல மனுஷி. பிள்ளைகள் மேல் உசிரு. சுகந்திக்கு நெற்றியில் மை வைத்து, கன்னத்தில் வைத்து, காலில் வைத்துத் திருஷ்டி கழிப்பாள். ஒரு நாள் பால் கொடுக்க ஓடிப் போனேன். ஆயா கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இன்னொரு பிள்ளைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள், ஏதோ பாடிக்கொண்டு. கடைசித் தொட்டிலில் சுகந்தி. முகம் நீலம் பாரித்த சிவப்பு, வாய் திறந்திருக்கிறது, தொண்டை நரம்பு புடைத்திருக்கிறது, சத்தம் வரவில்லை. அழுது அழுது குரல் போய்விட்டது. கால் தொட்டில் துணியில் முறுக்கிக்கொண்டு மாட்டியிருந்தது. எவ்வளவு நேரமாக அப்படிக் கிடந்ததோ. நான் எடுத்த பிறகும் வாயைத் திறந்து திறந்து மூடியது, காற்றுதான் வந்தது. ஆயா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள், வந்துட்டயா அம்மிணி, தங்கமா இருந்தா உம்புள்ள, ஒரு சத்தம் இல்ல என்றாள். அவளுக்குக் காது கேட்காது என்று எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. அவளுக்கு அதற்கு முன்னாலேயே தெரியும். தெரிந்தும் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் அந்த வேலையும் போய்விடும், வேலையைவிட அந்தப் பிள்ளைகள் போய்விடும். அவளை நான் என்னவெல்லாம் பேசினேன், எல்லாத் தாய்களும் பார்க்க. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் அங்கே வேறு ஆயா இருந்தாள். தப்பாகப் பேசிவிட்டேனா என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை, இப்போதும் நினைக்கவில்லை. அவள் முகம்தான் வருகிறது. அந்தப் பிரியம் பொய்யில்லை, அந்தப் பிரியத்தோடு முதுகைக் காட்டிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள்.

ஃபோன் மேஜையில் அதிர்கிறது. அதிர்வது எனக்கு நன்றாகத் தெரியும். இவர் வாசலிலிருந்து எழுந்து வருகிறார், அவரும் திரையின் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் வந்திருப்பார். ஸ்பீக்கரில் போடுகிறேன்.

"அம்மா, சார்ஜ்லதான் இருக்குதா? இல்லையே, சத்தமே இல்லையே."

"சார்ஜ்லதான் கண்ணு இருக்குது."

"அட, எப்படிம்மா பண்ணுன?"

"அந்தச் சார்ஜர்தான். பீரோல அப்பாவோட பழசு இருந்துச்சு, அதப் போட்டேன்."

"பரவால்லையே. நான் புதுசு ஒண்ணு வாங்கணும்னு இருந்தேன்." அவள் குரல் நன்றாகக் கேட்கிறது, பெரியவர்கள் குரல் எல்லாம் கேட்கத்தான் செய்கிறது. திங்கட்கிழமை எத்தனை துணி கொடுத்து விடுவது, கஞ்சிக்கு ராகி எங்கே வாங்குவது என்று பேசிக்கொண்டே போகிறாள். இவர் என் எதிரில் நின்று என் வாயைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருக்கிறார், முகமெல்லாம் சிரிப்பு. பேச்சை நிறுத்திவிட்டுச் சுகந்தி சொல்கிறாள், "இங்க பாரு, உங்குரலக் கேட்டதும் இவ என்னென்னமோ சொல்றா. கேக்குதா?"

ஃபோன் சும்மா இருக்கிறது. ஃபிரிட்ஜ் ஊவென்கிறது. நான் ஓட்டைகளுக்கு நேராகக் குனிகிறேன். ஒன்றும் இல்லை. இவர் நான் குனிந்ததைப் பார்த்துவிட்டு, பாப்பாதான் பேசுகிறாள் என்று ஊகித்து, மேஜையில் கையை ஊன்றி, ஃபோனைப் பார்த்துச் சத்தமாகச் சொல்கிறார். "கேக்குது, கேக்குது. தாத்தாவக் கூப்படறயா தங்கம்? கேக்குது."

"அப்பாவுக்குக் கேக்கல கண்ணு" என்கிறேன். "எனக்கும் கேக்கல."

"பாப்பா மெதுவாத்தான் பேசறா. இரு, கிட்டக் கொண்டு வர்றேன்."

"அதில்ல சுகந்தி. நீ பேசறது கேக்குது. ஞாயித்துக்கெழம அந்தச் சத்தம் எனக்குக் கேக்கவே இல்ல. நீங்க எல்லாரும் கேட்டீங்க. அப்பாவுக்கும் கேக்கல. சன்னமான சத்தமெல்லாம் எங்களுக்கு வரதில்ல போல, ரெண்டு பேருக்குமே. எப்பருந்துன்னு தெரியல. மில்லுலருந்தே இருக்கும். நீ பாப்பாவ விட்டுட்டுப் போறதுக்கு முன்னால தெரிஞ்சுக்கணும்னுதான் சொல்றேன்."

இவர் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வழிந்து போகிறது. நான் சொன்னது பூராவும் உதட்டில் படித்துவிட்டார். வாசல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். ஃபோனில் ஒன்றும் வரவில்லை. சுகந்தி பேசாமல் இருக்கிறாளா, மெதுவாக எதுவும் சொல்கிறாளா, அழுகிறாளா, மாப்பிள்ளையிடம் திரும்பிப் பேசுகிறாளா, எதுவும் எனக்குத் தெரியவில்லை. நானாக ஹலோ என்று சொல்லவும் பயமாக இருக்கிறது. இழை அறுந்திருக்கிறதா ஓடுகிறதா என்று தெரியாமல் ஃபிரேம் முன்னால் நிற்கிற மாதிரி நிற்கிறேன். அவள் மனசுக்குள் என்னென்ன ஓடும், ஞாயிற்றுக்கிழமை நான் சிரித்தது ஓடும், சின்ன வயதில் அடுத்த அறையிலிருந்து அவள் கூப்பிட்டு நான் போகாத நாளெல்லாம் ஓடும். ஓடட்டும்.

"அம்மா." பெரிசாக, ஒவ்வொரு எழுத்தாக. "கேக்குதா இப்ப?"

"கேக்குது."

"திங்கக்கெழம வேண்டாம். நான் இன்னும் ஒரு வாரம் லீவு சொல்லிக்கறேன். காலைல வந்து உங்க ரெண்டு பேரையும் காது டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன். மிஷின் கிஷின் வெக்கணும்னா வெச்சுக்கோணும், வெட்கமா இருக்குது அது இதுன்னு அப்பா சொல்லக்கூடாது."

"பாப்பா?"

"பாப்பாவும்தான் வருவா. அவள வேற யாருகிட்ட விட்டுட்டு வர்றது?" அவள் குரல் கொஞ்சம் உடைகிறது, உடைந்தது எனக்குக் கேட்கிறது. "அதுக்கப்புறம் என்ன பண்றதுன்னு பாக்கலாம்மா. எனக்கு இப்ப ஒண்ணும் சொல்லத் தெரியல."

"சரி கண்ணு. பாத்துச் சொல்லு" என்கிறேன். அவள் வைத்துவிடுகிறாள். திரை அணைகிறது. இவர் வாசலில் எனக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். துண்டை இழுத்துத் தோளில் போட்டு, இழுத்துப் போட்டு. கோபம், நான் வாக்குக் கொடுத்துவிட்டு மீறிவிட்டேன் என்று. என்ன சொன்னாள் என்று கேட்கவும் முடியாமல், கேட்காமலும் முடியாமல் நிற்கிறார். சுகந்தி சொன்னதில் ஒரு வார்த்தை அவருக்கு எட்டியிருக்காது, அவள் வாய் எங்கேயோ சரவணம்பட்டியில் இருக்கிறது. நான் எழுந்து அவர் பக்கத்தில் போகிறேன். முன்னால் போய் நின்று முகத்தைக் காட்டவில்லை. தோளைப் பிடித்து, காதருகே வாயைக் கொண்டு போய், இத்தனை வருஷத்தில் ஒரு தரம்கூட இந்த மனுஷனிடம் பேசாத சத்தத்தில் சொல்கிறேன்.

"பாப்பாவோட வர்றாளாமா. நம்ம ரெண்டு பேரையும் காது டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறாளாமா."

ரமாமணி வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.